நிர்வாக நலன் யாருடைய நலன்?

(எளாவூரில் அரசு ஊழியர், சத்துணவு, அங்கன்வாடி, தூய்மைப் பணியாளர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சுண்ணாம்புக்குளம், நொச்சிக்குப்பம், ஓபசமுத்திரம் என்று ஏரிக்கரை ஊர்களிலிருந்து வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட வைக்க மாட்டேன். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அரசு அலுவலகத்தில் ஒருவர், "என்னைச் சாதி சொல்லி ஒதுக்குகிறார்கள்" என்று புகார் கொடுக்கிறார். முதலில் என்ன வரும்? விசாரணையா? இல்லை. புகார் கொடுத்தவருக்கே இடமாற்றம் வரும். உத்தரவில் "நிர்வாக நலன் கருதி" என்று ஒரு வரி இருக்கும். ஒதுக்கியவர் அதே நாற்காலியில் இருப்பார், ஒதுக்கப்பட்டவர் மூட்டை கட்டுவார். இதில் யாருடைய நலன் ஐயா கருதப்பட்டது?

2018 ஜூலை. திருப்பூர் மாவட்டம், அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம். பாப்பாள் என்ற சத்துணவுச் சமையலர், பட்டியல் சாதியைச் சேர்ந்த அம்மா, சொந்த ஊர் அரசுப் பள்ளிக்கு மாறுதலாகி வருகிறார். சொந்த ஊர் என்றால் நமக்கெல்லாம் நிம்மதி. அவருக்கு அங்கேதான் வில்லங்கம். "இவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள்" என்று ஆதிக்க சாதிக் கும்பல் பள்ளி வாசலில் திரண்டது. அதிகாரி என்ன செய்திருக்க வேண்டும்? கும்பலைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. பாப்பாளைப் பழைய பள்ளிக்கே திருப்பி அனுப்ப உத்தரவு வந்தது. எல்லாப் பிள்ளையும் ஒரே பந்தியில் உட்காரட்டும் என்று 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டத்தில், யார் சமைப்பது என்பதைக் கும்பல் முடிவு செய்தது, அலுவலகம் கையெழுத்துப் போட்டது.

அந்த அம்மா அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அமைப்புகள் கூடின, போராட்டம் நடந்தது, உத்தரவு ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2025 நவம்பரில் திருப்பூர் சிறப்பு நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டாண்டுச் சிறை விதித்தது. ஏழு ஆண்டு! அன்றைக்கு ஆறாம் வகுப்பில் தட்டேந்தி நின்ற பிள்ளை பள்ளியையே முடித்துவிட்டுப் போயிருக்கும். தீர்ப்பு பெரிது, நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கும்பல் கேட்டதைக் கேட்ட மாத்திரத்தில் கொடுக்கிற அலுவலகப் பழக்கம் இருக்கிறதே, அதற்கு இன்னும் தண்டனை எழுதப்படவில்லை.

திருப்பூர் தூரம் என்பீர்கள். ஆத்துப்பாக்கம் தூரமா? நம் கும்மிடிப்பூண்டி ஒன்றியம்தானே! 2020 ஆகஸ்ட் 15 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் அமிர்தம் கொடியேற்ற முடியவில்லை, காரணம் சாதி. செய்தி வெளியே வந்து நாடே கேட்ட பிறகு, ஆகஸ்ட் 20 அன்று கலெக்டர் நேரில் வந்து நிற்க, அமிர்தம் கொடியேற்றினார். ஓட்டு வாங்கி ஜெயித்த தலைவருக்கே இந்தக் கதி என்றால், ஊராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற இருளர் வீட்டுப் பையன் யாரிடம் போய் முறையிடுவான்?

இடமாற்றத்தில் இன்னொரு சூது இருக்கிறது, கவனியுங்கள். தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் தண்டனைப் பட்டியல் உண்டு: கண்டனம், இன்க்ரிமென்ட் நிறுத்தம், பதவியிறக்கம், பணிநீக்கம். இடமாற்றம் அந்தப் பட்டியலில் கிடையாது. தண்டனை இல்லையாம்! தண்டனை இல்லாததால் அந்த விதியில் மேல்முறையீடும் இல்லை. அடிக்கிற கை தெரியாமல் அடிப்பது இதுதான். ஆனால் 2008-இல் சோமேஷ் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தண்டனைக்குப் பதிலாகப் போடுகிற இடமாற்றம் சட்டவிரோதம். இந்த வழக்கின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மனுவில் எழுதுங்கள்.

எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழவேற்காடு ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிப் பாடு முறையில் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறீர்கள். வாய்ச்சொல் போதும், மீறினால் ஊரே கேட்கும். அரசு அலுவலகத்தில் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. "சார்கிட்ட சொல்லிட்டேன்" என்று நம் ஆட்கள் ஆறு மாதம் காத்திருக்கிறார்கள். சார் கேட்டதற்கு என்ன சாட்சி? எழுதிக் கொடுங்கள். தேதி போடுங்கள், நடந்ததை நடந்த வார்த்தையிலேயே எழுதுங்கள், பக்கத்தில் இருந்தவர் பெயரை எழுதுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். கலெக்டரின் திங்கள்கிழமை குறைதீர் நாளுக்குத் திருவள்ளூர் போக, எளாவூரில் ரயிலேறி பேசின் பாலத்தில் மாற வேண்டும். ஒரு நாள் சம்பளம் போகும், தெரியும். போனால் கையில் மனு எண் இல்லாமல் திரும்பாதீர்கள்.

மேடைக்கு ஒரு சீட்டு வந்திருக்கிறது. "புகார் கொடுத்தால் எனக்கு 17பி மெமோ வருமா?" பெயர் போடவில்லை. போடாமல் விட்டதே நம் நிலைமையைச் சொல்கிறது.

வரலாம் தோழரே. பொய்யான தைரியம் சொல்லி உங்களை மாட்டிவிட மாட்டேன். ஆனால் 17பி என்பது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு மெமோ; அது வந்தால், அதில் உங்களுக்கும் பிடி கிடைக்கிறது. ஆவணம் கேட்கலாம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். சில விதிவிலக்குகள் தவிர, விசாரணை இல்லாமல் அரசுப் பதவியில் இருப்பவரைப் பணிநீக்கம் செய்ய அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவு விடாது. தண்டனை உத்தரவு கைக்கு வந்தால் மேல்முறையீட்டுக்கு இரண்டு மாதம். ரயில்வே, தபால்துறை போன்ற மத்திய அரசுப் பணி என்றால் 45 நாள்தான். நம்மில் பாதிப் பேர் தோற்பது நியாயம் இல்லாமல் அல்ல, தேதியில்.

மெமோ இல்லாவிட்டால், மேலதிகாரி உங்களைப் பற்றி எழுதுகிற ரகசியக் குறிப்பில் விளையாடுவார்கள். அதுவும் இனி ரகசியம் இல்லை. தேவ் தத் வழக்கில், 2008-இலேயே, ஒவ்வொரு குறிப்பையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தரவில்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

அப்படி ஒரு குறிப்பிலிருந்து புறப்பட்ட நெருப்பு ஒன்று உண்டு. மகாராஷ்டிரத்தில் கராட் அரசு மருந்தியல் கல்லூரியில் ஒரு பட்டியல் சாதி ஸ்டோர் கீப்பர், தன் குறிப்பேட்டில் மேலதிகாரிகள் எழுதியதை எதிர்த்துப் புகார் கொடுத்தார். அந்தப் புகார் வளர்ந்து வளர்ந்து உச்ச நீதிமன்றம் போனபோது, 2018 மார்ச் 20 அன்று வன்கொடுமைச் சட்டத்தின் பல்லையே பிடுங்கினார்கள். ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்கக் கடையடைப்பு, துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. அதன் பிறகுதான் ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைக் கொண்டுவந்தது: முன்விசாரணை வேண்டாம், முதல் தகவல் அறிக்கையைப் போடு. ஆகவே ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் திணித்தால், "இது எஃப்.ஐ.ஆர். இல்லை சார்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். அந்த ஒரு பிரிவுக்காக ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

மீனவ வீட்டுப் பிள்ளைகள் கேட்பீர்கள், எங்களுக்கு? உங்களில் பெரும்பாலோர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் 2018 முதல் அரசியலமைப்பு அந்தஸ்தோடு இருக்கிறது, அங்கே போகலாம். பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களுக்குத் தேசிய ஆணையங்களும், 2021-இல் வந்த மாநில ஆணையமும் உண்டு.

சரி, எல்லாம் செய்தோம். மேல்முறையீடும் தள்ளுபடி. அடுத்து எங்கே? மத்திய அரசு ஊழியருக்கு 1985 சட்டப்படி நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. நமக்கும் 1988 முதல் ஒன்று இருந்தது. 2003-இல் வேலைநிறுத்தம் செய்த லட்சக்கணக்கானோரை ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியபோது, அந்தத் தீர்ப்பாயத்தால் அத்தனை வழக்கைத் தாங்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆள் போட்டுப் பலப்படுத்தினார்களா? 2006-இல் இழுத்து மூடினார்கள். இன்றைக்கு ஓர் ஊராட்சித் தூய்மைப் பணியாளர் நியாயம் கேட்க உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டும். வக்கீல் ஃபீஸ் யார் கொடுப்பது? சம்பள உயர்வு கேட்டால் "நீங்கள் பகுதிநேர ஊழியர்" என்கிறார்கள், தெருவில் இறங்கினால் "அரசு ஊழியர் நடத்தை விதி" என்கிறார்கள். இப்படி இரண்டு விதமாகப் பேச வசதியாக ஒரு தீர்ப்பாயமும் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள்.

எனவே இந்தக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் வைக்கிறோம். புகார் நிலுவையில் இருக்கும்போது புகார்தாரரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்று அரசாணை வேண்டும். மாவட்டத்துக்கு வந்து அமர்கிற தீர்ப்பாயம் வேண்டும், சென்னைக்கு நாங்கள் அலைய மாட்டோம்.

மேடைக்குப் பின்னால் மேசை போட்டு நான்கு தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மெமோவோ மாறுதல் உத்தரவோ வைத்திருப்பவர்கள் வாருங்கள், கைக்கு வந்த தேதியை முதலில் சொல்லுங்கள். சீட்டு எழுதிய தோழரும் வரலாம். பெயரைக் கேட்க மாட்டார்கள்.