மலைநாட்டு நீர்நிலைகளும் நமது நடைப்பயணமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

விடுமுறை நாளில் எங்கே போகலாம் என்று இளைஞரைக் கேட்டால், பலரது வாயில் முதலில் வருவது நுவரெலியாவின் கிரகரி ஏரி. பஸ் ஏறிப் போகிறோம், படகுகளைப் பார்க்கிறோம், படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அதிற் குற்றமில்லை. ஆயினும் நோர்வூட்டில் வாழும் நமக்கு, காலையில் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு புறப்பட்டால், மாலை விளக்கு வைக்கும் வேளைக்குள் வீடு திரும்பத்தக்க தொலைவிலேயே இரண்டு பெரிய நீர்நிலைகள் உள்ளன. டிக்கோயாப் பக்கம் காசல்ரீ. மஸ்கெலியாப் பக்கம் மவுசாகலை. நித்தமும் இவற்றைக் காண்கிறோம். கண்டும் அறிந்தோமா?

மிஷன் பாடசாலையிற் பயின்ற நாளில், ஆங்கிலக் கவி வேர்ட்ஸ்வர்த் வாழ்ந்த ஏரி நாட்டைப் பற்றிக் கற்றோம். ஆனால் நம் வீட்டு வாசலிற் கிடக்கும் ஏரி எவ்வாறு உண்டாயிற்று என்பதை நமக்கு எந்தப் பாடமும் சொல்லவில்லை. ஆகவே இன்று அதனையே பேச விரும்புகிறோம்.

இவை இயற்கை தந்த ஏரிகள் அல்ல. மனிதர் அணை கட்டி ஆக்கியவை. இம்மலைகளின் நீரைக்கொண்டு நாட்டுக்கே மின்சாரம் வழங்கலாம் என்று 1918ஆம் ஆண்டிலே எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவர் கண்ட கனவு லக்சபானவில் 1950ஆம் ஆண்டிலேதான் நனவாயிற்று. இடையிலே முப்பத்திரண்டு ஆண்டுகள்! முதுமையில் அதனைக் கண்ணாற் கண்ட அப்பெரியார் 1953இல் மறைந்தார். பின்னர் 1965இல் கெசல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ அணை எழுந்தது. அங்கிருந்து சுரங்க வழியே இறங்கும் நீர், நோர்ட்டன் பிரிட்ஜில் அவர் பெயர் தாங்கிய மின்நிலையத்தை இயக்குகிறது; பின்பு லக்சபானவுக்கும் செல்கிறது. மஸ்கெலி ஓயாவை மறித்த மவுசாகலை அணை 1969இல் நிறைவுற்றது. இவ்விரண்டு ஓயாக்களும் கீழே கூடிக் களனி கங்கையாகிக் கொழும்பை அடைகின்றன. நம் மலையிற் பெய்த மழையே தலைநகருக்கு நீரும் ஒளியும் ஆகிறது என்றால் அது மிகையாகுமா?

ஆனால் அந்த ஒளிக்கு விலை கொடுத்தவர் யார்? மவுசாகலை நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மறைந்தது. கடைவீதி மறைந்தது. கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒன்றாகவே மூழ்கின. மேட்டிலே புது நகரம் அமைந்தது. வறட்சியில் நீர் வற்றும்போது அப்பழைய கோயிலின் கற்கள் இன்றும் வெளியே தோன்றுகின்றன. இதனினும் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. நம் மலையிற் பிறந்த மின்சாரம் நகர வீதிகளை ஒளிரச் செய்த பின்னரும், பல்லாண்டுகள் தோட்டத்து லயங்களிற் பல குப்பி விளக்கோடுதான் இருந்தன. இதை வன்மத்தோடு சொல்லவில்லை. நம் வரலாற்றை நாமே மறக்கலாகாது என்பதற்காகவே சொல்கிறோம்.

பெரியோர்களே! பழைய மஸ்கெலியாவில் நடமாடிய கால்கள் உங்களிடையே உண்டு. அன்று பத்து வயதுச் சிறுவராய் இருந்தவர்க்கு இன்று அறுபத்தைந்து கடந்துவிட்டது. எந்த மூலையிற் கடை இருந்தது, எந்தப் படியேறிச் சாமி கும்பிட்டார்கள் என்பன உங்கள் நினைவிலே மட்டும் உள்ளன. அவற்றையும் காலவெள்ளம் மூழ்கடிக்க விடலாமா?

ஆதலின் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். தை முதல் பங்குனி வரை மழை குறைந்த காலம். நீர் தாழத் தொடங்கும் காலமும் அதுவே. அப்போது ஒருநாள் நடைப்பயணம் ஒழுங்கு செய்வோம். ஊரறிந்த பெரியவர் ஒருவரையேனும் உடனழைத்துச் செல்வோம். நடக்க இயலாதவர் பஸ்ஸில் வந்து கரையிலே நம்மோடு சேரட்டும். சிவனொளிபாதமலை தெரியும் இடத்தில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்போம்; கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதுவோம்.

செல்வோர் சிலவற்றை மனத்திற் கொள்க. நீர்த்தேக்கத்தின் கரை திடீரெனச் சரியும். அடியிலே சேறு ஆளை இழுக்கும். நீந்தத் தெரிந்தவரும் இறங்க வேண்டாம். நீர் வற்றிய நிலம் மேலே காய்ந்து தோன்றினும் உள்ளே ஈரமாயிருக்கும். பழைய கோயிலைக் கரையில் நின்றே வணங்குவோம். தேயிலை மலைக்குள் கொழுந்து பறிக்கும் நிரைகளைக் குலைக்காமற் பாதை வழியே நடப்போம். அட்டைக்குச் சவர்க்காரம் எடுத்துச் செல்வோம். சாப்பிட்ட பொட்டலத்தையும் வெற்றுப் போத்தலையும் திரும்பக் கொண்டுவருவோம். நாம் எறிவது நீரோடு போய்ப் பிறர் குடிநீரிற் சேரும்.

கால்கள் வலுவாயிருப்பது இளைஞர்க்கு. நினைவு வலுவாயிருப்பது முதியோர்க்கு. இரண்டும் சேர்ந்து நடந்தால் மூழ்கிய ஊர் நம் ஏட்டிலே மீண்டெழும். அடுத்த ஆண்டு மலரில் அவ்வேட்டின் முதற் பக்கங்கள் வெளிவருமாறு இன்றே முனைவோம்.