உறைபெட்டியில் இருப்பது வாரிசா?

(அம்பத்தூரில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அன்புச் சகோதரர்களே! 2024 அக்டோபர் 4 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. புற்றுநோயால் 2020-ல் இறந்துபோன, மணமாகாத ஓர் இளைஞர், சிகிச்சைக்கு முன் தம் விந்தணுவை கங்காராம் மருத்துவமனையில் உறையவைத்திருந்தார். அதைக் கொண்டு பேரப்பிள்ளை பெற்றுக்கொள்கிறோம் என்று தாயும் தகப்பனும் வழக்குத் தொடுத்தார்கள். விந்தணுவும் சொத்துதான், பெற்றோரே வாரிசுகள் என்று கூறி, கொடுக்கச் சொன்னார் நீதிபதி பிரதிபா சிங்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் வேதனையை நாம் கேலி செய்யமாட்டோம். ஆனால் நம் கடைவீதி இளைஞர்கள், "ஹஜ்ரத்! நம் வீட்டில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால் அதற்குப் பாகம் உண்டா?" என்று கேட்கிறார்கள்.

கிடையாது. ஒருவர் மவுத்தாகும் நேரத்தில் உயிரோடு இருப்பவர்தான் வாரிசு. குறைந்தபட்சம் தாயின் கருவிலாவது இருக்கவேண்டும். உறைபெட்டிக்காகப் பாகத்தை நிறுத்திவைத்தால் எந்தப் பாகப்பிரிவினையும் முடியாது. பத்து வருடம் கழித்து ஒரு வாரிசு வந்து நிற்பார் என்றால், எந்தக் கடையை நம்பி வாங்குவீர்கள்? அமெரிக்காவிலும் தந்தை இறந்து 18 மாதம் கழித்துப் பிறந்த இரட்டைக் குழந்தைகளின் உதவித்தொகை வழக்கில், மாநில வாரிசுச் சட்டத்தைப் பார் என்றுதான் 2012-ல் உச்சநீதிமன்றம் சொன்னது.

மவுத்தோடு திருமண பந்தம் முடிகிறது. 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, சோதனைக்குழாய் முறையைக் கணவன் மனைவி இருவருக்குள் மட்டுமே அனுமதித்தது. எனவே இறந்தவரின் விந்தால் கருத்தரிப்பதே கூடாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் நிலை. மீறி ஒரு விதவை பெற்றுவிட்டால் குழந்தை என்ன பாவம் செய்தது? அது தாய்க்கு வாரிசு. பாட்டனார் ஹிபாவாகக் கொடுக்கட்டும். மூன்றில் ஒன்றுக்குள் வஸிய்யத் எழுதட்டும். யார் தடுத்தது?

சகோதரர்களே, இதைவிடப் பெரிய அநியாயம் நம் தெருவிலேயே நடக்கிறது. கடனெல்லாம் போக 24 லட்சம் விட்டு ஒருவர் இறக்கிறார். மனைவி, ஒரு தம்பி, வேறு யாருமில்லை. பிள்ளை இல்லையென்றால் மனைவிக்கு 6 லட்சம், தம்பிக்கு 18. அவள் கர்ப்பிணியாக இருந்து ஆண் பிறந்தால்? தாய்க்கு 3, மகனுக்கு 21, தம்பிக்கு ஒன்றுமில்லை. பெண் பிறந்தால் தாய்க்கு 3, மகளுக்கு 12, தம்பிக்கு 9. நாற்பது நாள் முடிவதற்குள் சில தம்பிமார் கையெழுத்து வாங்க ஏன் ஓடுகிறார்கள் என்று புரிகிறதா? கர்ப்பிணி விதவைக்கு இத்தாவே பிரசவம் வரைக்கும் (65:4). அதற்குள் என்ன பத்திரம்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஜமாஅத் நிர்வாகிகளே! வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் மனுப் போடுமுன், வீட்டுப் பெண்களை அனுப்பி அந்தச் சகோதரியிடம் கேட்கச் சொல்லுங்கள். கர்ப்பம் என்றால் அவளுக்குரிய 3 லட்சத்தைக் கையில் கொடுத்துவிட்டு, மீதி 21 லட்சத்தை எழுத்து மூலம் உங்கள் பொறுப்பில் வையுங்கள். குழந்தை பிறந்த பிறகு பாகப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம்.