ஜீரோ எரர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் வங்கி, மருத்துவம், வருமான வரி என்று பெரிய பெரிய விஷயங்களைத் தொட்டார்கள். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் மாமாவின் பட்டறையில் ஸ்பேனர் பிடித்தவன். முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தூத்துக்குடியில் படகு எஞ்சின்தான் என் பிழைப்பு. ஆகவே ஒரே ஒரு எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்கி விடுகிறேன்.

2009ஆம் ஆண்டு, மார்ச் மாதம். திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிற ஒரு வள்ளம். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். நம் ஊரில் கடைசியாக முத்துக் குளித்தது 1961இல். அதற்குப் பிறகு கடலுக்குள் இறங்குகிறவனுக்குச் சங்குதான் முத்து. வங்காளத்தில் வளையல் அறுக்க இன்றும் நம் சங்குக்கு மதிப்பு உண்டு. அந்தக் காலத்தில் கல்லைக் காலில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அந்த வள்ளத்திலோ எஞ்சினோடு பெல்ட் போட்டு ஒரு கம்பரசரைச் சுற்ற விட்டு, ரப்பர் குழாய் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். இது பத்திரமான முறை அல்ல. எஞ்சின் புகை அந்தக் காற்றில் கலந்தால் ஆள் கீழேயே மயங்கி விடுவான். நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். வயிறு கேட்பதில்லை.

சம்மாட்டி வந்து நின்றார். "அண்ணாச்சி, வேகத்துல குதிரை மாதிரி ஓடுது. ஐடிலிங்ல விட்டா மட்டும் மிஸ்ஸாகுது. தட், தட்னு ரெண்டு அடி அடிக்கும், ஒண்ணை விட்ரும். ஒரு மாசமா இதே ரோதனை."

போய்ப் பார்த்தேன். டீசல் பில்டரைக் கழற்றினேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. துடைத்துவிட்டுப் புது பில்டர் போட்டேன். காற்று எடுத்து விட்டேன். இரண்டு இன்ஜெக்டரையும் டெஸ்டரில் வைத்து அடித்தேன். 200 கிலோ அழுத்தத்தில் பூப்போல விரிந்தது, சொட்டு இல்லை. டேப்பட் இடைவெளி பார்த்தேன். எல்லாம் சரி. எஞ்சினை ஓட விட்டால் மறுபடி மிஸ்ஸிங்.

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தை மறைக்கப் போவதில்லை. மணி மத்தியானம் மூன்று. சம்மாட்டி மறுநாள் விடியற்காலையில் கடலுக்குப் போயாக வேண்டும் என்று நிற்கிறார். ஐடிலிங் ஸ்குருவை ஒன்றரைச் சுற்றுத் திருகினேன். ரேஸ் ஏறியது. மிஸ்ஸிங் மறைந்தது. "இப்போதைக்கு ஓடும், சம்மாட்டி" என்றேன். கூலியும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது முகமே சரியில்லை. வெளிக் கடலில் ஆறு பாக ஆழத்தில் நங்கூரம் போட்டு, ஒரு பையன் கீழே இருக்கும்போது, எஞ்சின் நின்று போயிற்று. கயிற்றைப் பிடித்திருந்தது அந்தப் பையனின் மச்சான். குளிக்கிறவன் மச்சான் கையில்தான் கயிற்றைக் கொடுப்பான் என்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது அல்லவா! அவன் சத்தம் நின்ற உடனேயே இழுத்துவிட்டான். கம்பரசர் தொட்டியில் மிச்சமிருந்த காற்று மேலே வருகிற வரைக்கும் போதுமானதாக இருந்தது. காதுவலியோடு பையன் தப்பினான்.

சம்மாட்டி என்னைத் திட்டவில்லை. "எப்படியண்ணாச்சி நின்னுச்சி?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

காலையில் வள்ளத்தில் போய் உட்கார்ந்தேன். கருவி எதையும் எடுக்கவில்லை. முதலில் அந்த மச்சானைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பி, நிக்கிறதுக்கு முந்தி சத்தம் எப்படி இருந்துச்சி? திணறிச்சா?"

"இல்லண்ணே. தொட்டி நெறைஞ்சி கம்பரசர் 'புஸ்'ஸுனு காத்தை விட்டுச்சி. எஞ்சின் லேசாச்சி. ரெண்டு தடவை தட்டுச்சி. நின்னுட்டு."

திணறி நிற்கவில்லை. பாரம் ஏறியபோது நிற்கவில்லை, பாரம் இறங்கியபோது நின்றிருக்கிறது! அதுவரை நான் 'ஐடிலிங்கில் மிஸ்ஸாகுது' என்றால் வேகம் குறையும்போது மிஸ்ஸாகிறது என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். விஷயம் வேகமே அல்ல. பாரம் இல்லாதபோது கவர்னர் டீசலைக் குறைத்து விடும். டீசல் அளவு குறையும்போதுதான் கோளாறு. ரேஸை ஏற்றி வைத்தாலும் பாரம் இல்லையென்றால் அளவு சின்னதுதான்.

இங்கேதான் நம் பௌதிக லேபரட்டரி ஞாபகம் வந்தது. முதல் வருஷம் ஸ்க்ரூகேஜைக் கையில் கொடுத்து, கம்பியின் கனத்தை அளக்கச் சொன்னார்கள். ஜீரோ எரர் பார்க்காமல் அளந்து, நோட்டைத் தூக்கி எறிந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இங்கேயே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். சிரிப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. பலகையை அளக்கும்போது அந்தப் பிழை தெரியாது. கம்பியை அளந்தால் பிழைதான் பாதி. அப்படியானால் இந்த எஞ்சினில் ஒவ்வொரு அடிக்கும் ஒரே அளவு டீசல் எங்கேயோ களவு போகிறது. அள்ளி ஊற்றும்போது தெரியவில்லை, சொட்டும்போது தெரிகிறது.

ஐடிலிங்கில் ஒரு அடிக்கு உள்ளே போகிற டீசல், ஒரு முழுச் சொட்டுகூட இருக்காது. ருடால்ப் டீசல் 1893இல் ஜெர்மனியில் அவுக்ஸ்பர்க்கில் முதல் எஞ்சினைச் சோதித்தார். 1897இல்தான் அது உருப்படியாக ஓடியது. அதிலும் எண்ணெயை அழுத்தக் காற்றால் ஊதித்தான் உள்ளே தள்ளினார்கள். சொட்டை அளந்து தள்ளுகிற பம்ப்பை ராபர்ட் பாஷ் கம்பெனி 1927இல்தான் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து விற்க ஆரம்பித்தது. எஞ்சின் செய்வதைவிட அந்தச் சொட்டை அளப்பது கஷ்டமாக இருந்திருக்கிறது.

எஞ்சினை ஓட விட்டு, ஒன்றாம் நம்பர் இன்ஜெக்டர் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தினேன். எஞ்சின் சாகப் பார்த்தது. இறுக்கிவிட்டு இரண்டாம் நம்பரைத் தளர்த்தினேன். பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, படுத்துக் கிடப்பது இரண்டாம் நம்பர். (வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.) இரண்டு இன்ஜெக்டரையும் இடம் மாற்றிப் போட்டேன். மிஸ்ஸிங் இடம் மாறவில்லை, இரண்டிலேயே நின்றது. கையால் சுற்றிப் பார்த்தேன், கம்ப்ரஷன் இரண்டிலும் ஒரே கனம். மிச்சமிருப்பது பம்ப் மட்டும்.

எஞ்சினை நிறுத்தி, ஸ்டாப் லீவரை இழுத்து வைத்து, பம்ப் தலையிலிருந்து இரண்டு குழாயையும் கழற்றினேன். வாயைத் துணியால் ஒற்றிவிட்டுக் கை பிரைமரை மெதுவாக அடித்தேன். ஒன்றாம் நம்பர் வாய் காய்ந்து கிடந்தது. இரண்டாம் நம்பரில் டீசல் மெல்ல ஊறி, கண்ணீர் மாதிரி திரண்டு வழிந்தது.

அங்கே டெலிவரி வால்வு என்று ஒன்று இருக்கிறது. பம்ப்செட் வைத்திருக்கிறவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும், நம் கிணற்று புட்வால்வு மாதிரிதான். புட்வால்வு ஒழுகினால் குழாயில் நிற்கிற தண்ணீர் இறங்கிப் போகும், ஒவ்வொரு தடவையும் முதலில் குழாயை நிரப்பியாக வேண்டும். இங்கேயும் அதுதான். அடிக்கு அடி குழாயிலிருந்து கொஞ்சம் டீசல் பின்னால் இறங்குகிறது. அடுத்த அடியில் வருகிற துளி அந்தக் காலியிடத்தை நிரப்பவே சரியாகப் போகிறது. சிலிண்டருக்கு ஒன்றும் மிச்சமில்லை.

வால்வை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உட்காரும் இடத்தில் குண்டூசி முனையளவு துரு. பாதி காலியான டேங்க், நம் ஊர் ஈரக் காற்று, ராத்திரியில் உள்ளே வியர்த்து இறங்கும் தண்ணீர். முதல் நாளே பில்டர் அடியில் அந்தத் தண்ணீர் நின்றது. பார்த்தேன், துடைத்தேன், யோசிக்கவில்லை.

வால்வும் சீட்டும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். மாற்றினேன். டேங்க்கைக் கழுவினேன். ஐடிலிங் ஸ்குருவை நான் திருகிய அதே ஒன்றரைச் சுற்றுத் திருப்பி இறக்கினேன். ஒரு மணி நேரம் ஓட விட்டேன். சம்மாட்டி வலைக்கயிற்றின் மேல் சாய்ந்து தூங்கியே போய்விட்டார்.

மறுநாள் அவர்களோடு நானும் கடலுக்குப் போனேன். அந்தப் பையன் முதல் நாள் காதில் வைத்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் இறங்கினான். தொட்டி நிறைந்தது. கம்பரசர் 'புஸ்'ஸென்றது. எஞ்சின் லேசானது. கயிற்றைப் பிடித்திருந்த மச்சான் கடலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் எஞ்சினைப் பார்த்தேன். தட், தட், தட், தட் என்று விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் வாங்கிய கூலியை சம்மாட்டியிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார், சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன். பையன் கொடுத்த சங்கு ஒன்று இன்றும் பட்டறை மேஜையில் இருக்கிறது. அந்தப் பழைய வால்வை அதற்குள்தான் போட்டு வைத்திருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் சங்கைத் தூக்கினால் உள்ளே கிலுகிலுவென்று சத்தம் வரும், என்னவென்று கேட்பார்கள்.

செயலாளர் மணியைத் தட்டுகிறார்.