மிக்ஸி நின்னு போச்சா? கடன் கேட்கும் முன் ஒரு நிமிடம்

(எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் பகுதிக் குழுக்களின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு வங்கி இணைப்பு, சுழல் நிதி எதுவும் பேசப் போவதில்லை. மிக்ஸியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

போன மாதம் ஒரு குழுவின் தீர்மான நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்கடன் வாங்கிய காரணம் என்ற இடத்தில் மூன்று பேருக்கு "மிக்ஸி வாங்க" என்று எழுதியிருந்தது. அதில் ஒரு அக்காவுக்கு 4,000 ரூபாய். நூற்றுக்கு இரண்டு வட்டி, பத்து மாதத் தவணை. "பழைய மிக்ஸிக்கு என்னக்கா ஆச்சு?" என்று கேட்டேன். "மோட்டார் சுத்துதும்மா, ஜார்ல பிளேடுதான் சுத்தல. பழைய இரும்புக்காரர்கிட்ட நூத்தம்பது ரூபாய்க்குப் போட்டுட்டேன்" என்றார்.

மோட்டார் சுற்றி பிளேடு சுற்றவில்லை என்றால், பெரும்பாலும் தேய்ந்து போனது கப்ளர்தான். ஜாரை உட்கார வைக்கும் இடத்தில் பூ மாதிரி ஒரு துண்டு இருக்குமே, அதுதான். ஜாருக்கு அடியிலும் அதற்குப் பொருந்துகிற ஒரு துண்டு இருக்கும். அதன் பல் தேய்ந்தால் மோட்டார் வெறுமனே சுற்றும். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. அந்த அக்கா கட்டப் போகிற வட்டி மட்டும் 440 ரூபாய். அவர் மீன் வறுவல் கடைகளுக்கு மசாலா அரைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவர். அவர்மேல் தப்பு இல்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எனக்கே சமூகப்பணி படிப்பில் இதையெல்லாம் சொல்லித் தரவில்லை. பழுது பார்க்கிற கடை வாசலில் நின்று கேட்டுக் கற்றுக்கொண்டதுதான்.

மிக்ஸி சத்தமே இல்லாமல் நின்றுவிட்டால் முதலில் அதே பிளக் பாயிண்டில் ஃபேனோ, செல்போன் சார்ஜரோ போட்டுப் பாருங்கள். நம் பக்கம் உப்புக் காத்து. சுவரில் இருக்கிற பாயிண்டுக்குள் தகடு துருப்பிடித்துக் கெட்டுப் போயிருக்கும், பழி மிக்ஸிமேல் விழும். பாயிண்ட் சரியாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். பாரம் அதிகமானால் மோட்டார் எரியாமல் இருக்க அது தானாக வெளியே வந்து கரண்டை நிறுத்திவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டு, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினால் ஓடும். செலவு ஒரு பைசா இல்லை. ஆனால் அடிக்கடி அது வெளியே வந்தால், "நான் தாங்க முடியாத வேலையைக் கொடுக்கிறே" என்று மிக்ஸி சொல்வதாக அர்த்தம். காய்ந்த மிளகாய், மல்லி, மஞ்சள் அரைக்கும்போது நடுநடுவே நிறுத்துங்கள்.

விட்டு விட்டு ஓடுகிறது, உள்ளே பொறி அதிகமாகத் தெரிகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ரெண்டு பிரஷ் இருக்கும், ரெண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். இதுவும் சின்னச் செலவுதான்.

இப்போது சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஜாருக்கு அடியில் கறுப்புத் தண்ணி கசிகிறதா? சட்னியில் கறுப்புக் கோடு வருகிறதா? ஜாரின் புஷ்ஷும் வாஷரும் போய்விட்டன. "கொஞ்சம்தானே ஒழுகுது" என்று துணியால் துடைத்துவிட்டு ஓட்டுகிறோம். அந்தத் தண்ணி கப்ளர் வழியாக மோட்டாருக்குள் இறங்குகிறது. ஆறு மாதம் கழித்து மோட்டார் எரிந்து நாறும்போது, "கம்பெனி சரியில்லை" என்கிறோம். ஜாருக்குப் புஷ் மாற்றுவது சின்ன வேலை. அதைச் செய்யாததால் போவது மொத்த மிக்ஸி.

எரிந்த வாடையும் புகையும் வந்தால் ஆர்மேச்சரோ காயிலோ போய்விட்டது என்று வையுங்கள். இங்கேதான் கணக்குப் போட வேண்டும். புது மிக்ஸி 4,000, பழுதுக்கு 1,000 என்றால் யோசிக்காமல் பழுது பாருங்கள். 2,000-க்கு மேல் கேட்டால் புதுசு. இரண்டுக்கும் நடுவில் என்றால் மிக்ஸியின் வயசையும், இதுவரை எத்தனை முறை கடைக்குப் போயிருக்கிறது என்பதையும் பாருங்கள். காயில் கட்டச் சொன்னால், செம்புக் கம்பியா அலுமினியமா என்று கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் இன்னும் பல வீட்டில் ஓடுகிறது. அதற்குப் பாகம் கிடைக்காது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். கழற்றிய பழைய துண்டையே கையில் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள். அளவு ஒத்து வந்தால் போதும்.

கிரைண்டரைப் பொறுத்தவரை என் கருத்து, பெரும்பாலும் பழுது பார்ப்பதுதான் லாபம். கல் எளிதில் சாகாது. பெல்ட் தளர்ந்தால் பெல்ட், தேய்ந்தால் பேரிங். 'உம்ம்' என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், பல நேரம் கப்பாசிட்டர் போயிருக்கும். அதை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும். இட்லி மாவு வியாபாரம் செய்கிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். கடைக்காரர் நாலு நாள் ஆகும் என்றால், நாலு நாள் வருமானமும் பழுதுச் செலவில் சேரும். பக்கத்துக் குழு உறுப்பினரின் கிரைண்டரில் வாடகைக்கு அரைக்க முடியுமா என்று முதலில் கேட்டு வையுங்கள்.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர் முகத்துவாரப் பக்கத்து வீடுகளில் தண்ணியோடு எண்ணெயும் ஏறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணத்தில் பலர் முதலில் வாங்கியது மிக்ஸிதான். அதுவும் தெருவில் வண்டியில் வந்த, பில் இல்லாத மிக்ஸி. ஒரு தங்கச்சி தன் பழைய மிக்ஸியை ரெண்டு நாள் வெயிலில் காய வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டாள். 'டப்' என்று ஒரு சத்தம், வீடு முழுக்கப் புகை. நல்லவேளை, செருப்பு போட்டிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா சுவிட்சே போடாமல் கடைக்கு எடுத்துப் போனார். அவர்கள் பிரித்து, சேற்றைக் கழுவி, காய வைத்து, மீட்டர் வைத்துப் பார்த்து, வயரை மாற்றிக் கொடுத்தார்கள். அது இன்றும் ஓடுகிறது. வெளியே காய்ந்தால் உள்ளே காய்ந்ததாக ஆகாது. தண்ணியில் மூழ்கிய எந்த மின்சாரச் சாமானையும் பிரித்துப் பார்க்காமல் சுவிட்ச் போடாதீங்க. அடுத்த மழைக்கு முன்னால் கிரைண்டரைத் தரையிலிருந்து மேலே ஏற்றி வைக்க ஒரு பலகை பார்த்து வையுங்கள்.

சில சாமான்களுக்குப் பழுது என்ற பேச்சே கிடையாது. கேஸ் ரப்பர் டியூபில் வெடிப்பு தெரிந்தால் டேப் சுற்றாதீர்கள், மாற்றுங்கள். டியூபிலேயே தேதி போட்டிருக்கும், ஐந்து வருடம்தான் கணக்கு. கேஸ் கசிந்தால் அவசர எண் 1906. குக்கரின் சேப்டி வால்வில் கம்பி, குச்சி செருகுவதும் வேண்டாம். தொட்டால் சுர்ரென்று அடிக்கிற கிரைண்டரை, "மரப்பலகைமேல நின்னா அடிக்காது" என்று ஓட்டுகிற அக்காக்கள் இங்கேயே இரண்டு பேர் இருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை. நாளைக்கே எர்த் கம்பியைப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எது கெட்டது? பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு? கழற்றிய பழைய பாகத்தை என் கையில் கொடுப்பீங்களா? மூன்றாவது கேள்விக்குக் கோபப்படுகிற கடைக்காரரிடம் நான் கொடுக்க மாட்டேன். புதுசு வாங்கினால் பில்லையும் வாரண்டி அட்டையையும் குழு பாஸ்புக்கோடு சேர்த்து வையுங்கள். வாரண்டி இருந்தும் அலைய விட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம்.

ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுச் சாமான் வாங்க யாராவது உள்கடன் கேட்டால், தீர்மான நோட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: பழையதில் எது கெட்டது, சரிசெய்ய எவ்வளவு கேட்டார்கள். கடனை மறுக்கச் சொல்லவில்லை. அந்த வரியை நிரப்புவதற்காகவாவது ஒருமுறை கடைக்குப் போவார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒழுகுகிற ஜார், சுற்றாத மிக்ஸி எது இருந்தாலும் எடுத்துட்டு வாங்க. தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்திருக்கிறேன். ஸ்குரூடிரைவர் நான் கொண்டு வரேன்.