சித்திரை வீதியில் ஒரு ரோபோ



தானாக நகரும் ரோபோக்களுக்கு நிரல் எழுதுவதைப் பல்கலைக்கழகப் பாடமாக எப்படிச் சொல்லித்தருவது என்று பேசக் கூடியிருக்கிறோம். தலைமை உரையில் எல்லாத் தலைப்புகளையும் தொட்டுச் செல்வது வழக்கம். நான் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மதுரையில் நடத்தும் இந்தப் பாடத்துக்குத் தேர்வுக்கூடம் மதுரைத் தெருவாக இருக்க வேண்டும்.

இன்று பல ஆய்வகங்களில் வெள்ளைத் தரையில் கறுப்பு டேப் ஒட்டி, அதன்மேல் சின்ன வண்டியை ஓடவிடுகிறோம். முதலாண்டு மாணவருக்கு அது நல்ல தொடக்கம்தான். ஆனால் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ரிமோட்டில் இயங்கும் கருவிகளும் அப்படியே. 2022 ஏப்ரலில் இதே ஊரில், நேரு நகரில், கழிவுநீர்க் கிணற்றில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்படிப்பட்ட குழிக்குள் மனிதருக்குப் பதிலாக இறங்கும் பேண்டிகூட் போன்ற இயந்திரங்களை நான் மனமார வரவேற்கிறேன். அவை இன்னும் வேகமாகப் பரவ வேண்டும். ஆனாலும் அவற்றை மேலே நின்று ஒருவர் இயக்குகிறார், முடிவுகள் அவருடையவை. நம் பாடம் அவர் கையை எடுத்த இடத்தில் தொடங்குகிறது.

கையை எடுத்ததும் என்ன ஆகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சக்கரத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர், இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி 30 சென்டிமீட்டர். வலச்சக்கரம் மட்டும் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக அமைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். இரண்டும் சமமாகச் சுற்றுவதாக, சக்கரச் சுழற்சியை அளக்கும் என்கோடர் சொல்கிறது, நேராகப் போகிறோம் என்று ரோபோ நம்புகிறது. 10 மீட்டர் ஓடுவதற்குள் வலச்சக்கரம் 10 சென்டிமீட்டர் கூடுதலாக உருண்டுவிடும். வண்டி ஏறக்குறைய 19 டிகிரி இடப்பக்கம் திரும்பியிருக்கும். பக்கத்துக் கட்டடத்துக்குப் போவதற்குள் சுவரில் முட்டும். இந்தக் கணக்கை ஒவ்வொரு மாணவரும் தாளில் போட்டு, பிறகு தரையில் ஓடவிட்டு, ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். தன் கணிப்பில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே கணிக்கும் இயந்திரம்தான் தானாக நகர முடியும். இந்தத் துறையின் மையம் அதுவே. அதனால் நிகழ்தகவு இங்கே துணைப்பாடமாக இருக்க முடியாது.

இப்படிப் பிழையையும் சேர்த்துக் கணிக்கும் ரோபோவைப் பொதுமக்கள் நடுவே சோதித்த முன்னோடிகள் அருங்காட்சியகங்களுக்குப் போனார்கள். 1997இல் ஜெர்மனியின் பான் நகர அருங்காட்சியகத்தில் ரைனோ என்ற ரோபோ வழிகாட்டியாக ஓடியது. அங்கிருந்த கண்ணாடிப் பெட்டிகள் அதன் சென்சார்களுக்குப் புலப்படவில்லை. அவை இருக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மக்கள் சூழ்ந்து நின்று சுவர்களை மறைத்தபோது, எந்த அளவீடு சுவரிலிருந்து வருகிறது, எது ஆள்மேல் பட்டு வருகிறது என்று பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஓடிய மினர்வா என்ற ரோபோ, கூட்டத்தைத் தாண்டி மேலே பார்த்தது. கூரையின் படங்களை வைத்துத் தன் இடத்தைக் கண்டுபிடித்தது.

கண்ணாடி, கூட்டம் என்ற இந்த இரண்டு சிக்கலும் நம் வாசலில் இருக்கின்றன. தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளின் கண்ணாடிக் கதவுகளில், லேசரால் தூரம் அளக்கும் லைடாரின் கதிர் சில கோணங்களில் ஊடுருவும், சில கோணங்களில் வேறெங்கோ தெறிக்கும். கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் தேரோடும் நாளில் மாசி வீதிகளில் சுவரே கண்ணில் படாது.

இவற்றைவிடச் சுவையான சிக்கல் ஒன்று இந்த ஊரின் அமைப்பிலேயே உண்டு. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்ற வீதிகளோடு மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த நகரம் இது. ஒரு ரோபோவிடம் வரைபடத்தைக் கொடுத்து, சித்திரை வீதிகளில் ஏதோ ஓரிடத்தில் இறக்கிவிடுவோம். எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. பார்ட்டிகிள் ஃபில்டர் நான்கு வீதிகளிலும் ஆயிரம் ஊகங்களைத் தூவும். ரோபோ நகர நகர, லைடார் அளந்த தூரங்களோடு பொருந்தாத ஊகங்கள் கழியும், பொருந்துபவை பெருகும். ஆனால் ஒரு பக்கம் மதில், நடுவில் ஒன்பது நிலைக் கோபுரம், எதிர்ப்பக்கம் கடைகள் என்று நான்கு வீதிகளும் ஏறத்தாழ ஒரே சாயலில் இருக்கின்றன. ஊகங்கள் நான்கு குவியலாகத் திரளும். அந்த நிலையில் நான்கையும் விடாமல் வைத்திருக்கும் நிரலே நல்ல நிரல். அவசரப்பட்டு ஒன்றைத் தேர்ந்துகொண்ட நிரல், மேலச் சித்திரை வீதியில் நின்றுகொண்டு கீழச் சித்திரை வீதியில் இருப்பதாகச் சாதிக்கும். கிழக்குப் பக்கம் வந்து புதுமண்டபத்துக் கல்தூண் வரிசையைப் பார்த்தால்தான் மற்ற மூன்று குவியல்களும் கரையும்.

மினர்வா கூரையைப் பார்த்ததுபோல நம் ரோபோ கோபுரத்தைப் பார்க்கலாமா? நான்கில் தெற்குக் கோபுரமே உயரமானது, சுமார் 52 மீட்டர். மேல்நோக்கிய கேமராவால் அதைப் பிரித்தறிய முடியுமா? குடமுழுக்குத் திருப்பணிக்குச் சாரம் கட்டி மறைத்துவிட்டால் என்ன செய்வது? முதுகலை மாணவர் ஒருவருக்கு முழு ஆண்டு ஆய்வுக்கான பொருள் இதில் இருக்கிறது. சித்திரை வீதிகள் வாகனங்களுக்குத் தடை உள்ளவை என்பதால், மெதுவாக ஓடும் சிறு ரோபோவைச் சோதிக்கவும் ஏற்றவை.

நகரத்தை விட்டு வெளியே வந்தால் கதை வேறு. ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிப் பக்கமோ, மேலூர் வயல்களிலோ திறந்த வானம் உண்டு, செயற்கைக்கோள் சிக்னல் தடையின்றிக் கிடைக்கும். ஆனால் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் பாய்ந்த சேற்றில் சக்கரம் வழுக்கும். என்கோடர் சொல்வதை நம்ப முடியாது. வீதியில் ஒரு சென்சார் கைவிடும், வயலில் இன்னொன்று. மாணவர் இரண்டு இடத்திலும் தோற்றுப் பார்க்கட்டும்.

பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரோபோ நிரலாக்கத்துக்கான ரோஸ் மென்பொருளின் கட்டளைகளை மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். அதன் முதல் தலைமுறையின் கடைசிப் பதிப்பான நோயெடிக்குக்கு ஆதரவு 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டது. 1960இல் கால்மன் வெளியிட்ட ஃபில்டரும், 1968இல் ஹார்ட், நில்சன், ராஃபேல் மூவரும் வெளியிட்ட ஏ-ஸ்டார் வழித்தேடலும் இன்றும் ரோபோக்களை நடத்திக்கொண்டிருக்கின்றன. அவற்றை மாணவர் ஒருமுறையாவது ஆயத்த நிரல் தொகுப்பின் உதவியில்லாமல் தாமே எழுத வேண்டும். மதிப்பெண்ணில் பாதியை, ரோபோ எங்கே, ஏன் தடுமாறியது என்ற அறிக்கைக்கு ஒதுக்குங்கள். தேர்வாளர் வந்த நாளில் தற்செயலாக நன்றாக ஓடிய வண்டிக்கு முழு மதிப்பெண் போடுவது மாணவருக்கு நாம் செய்யும் தீங்கு.

இன்னொன்று. ஜெர்மன் நகரச் சாலைப் படங்களைப் பெரிதும் கொண்ட சிட்டிஸ்கேப்ஸ் தரவுத் தொகுப்பில் ஆட்டோ ரிக்‌ஷாவுக்கென்று தனி வகை கிடையாது. அந்தக் குறையைப் போக்க, ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் ஹைதராபாத், பெங்களூரு சாலைகளில் எடுத்த 10,004 படங்களை 34 வகைகளாகக் குறித்து இந்திய வாகனமோட்டல் தரவுத் தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் மதுரை இல்லை. மதுரைக்கான தொகுப்பை நம் மாணவர்கள் ஏன் உருவாக்கக்கூடாது? சித்திரை வீதியும் மாசி வீதியும், காலையிலும் மாலையிலும், சாதாரண நாளிலும் திருவிழா நாளிலும், லைடார், கேமரா, என்கோடர் பதிவுகளோடு தொகுக்கப்பட வேண்டும். முகங்களும் வண்டி எண்களும் மறைக்கப்பட வேண்டும். மாநகராட்சியிடமும் காவல்துறையிடமும் கோயில் நிர்வாகத்திடமும் முறையாக அனுமதி பெற வேண்டும். எந்தக் கல்லூரியும் தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளாமல், தென்மாவட்டக் கல்லூரிகள் அனைத்துக்கும் அது இலவசமாகக் கிடைக்க வேண்டும்; ரோபோ வாங்க வசதியில்லாத கல்லூரி மாணவரும் அதை வைத்துத் தம் நிரலைச் சோதித்துப் பார்க்கலாம்.

இதற்கான பொறுப்புக் குழுவை, கருத்தரங்கு முடிவதற்குள் இந்த அவையே அமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.