பொய்ப்பல்லும் பொறுமையும்



நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பது நம் முன்னோர் வாக்கு. பல் போனால் சொல் போயிற்று என்பதும் அவர்கள் வாக்கே. உணவுக்கும் உரைக்கும் பல்லே துணை என்பதை இவ்விரு பழமொழிகளும் சுருங்கச் சொல்லி விளங்க வைக்கின்றன. அவ்வாறாயின், இயற்கைப் பல்லை இழந்து பொய்ப்பல் பூண்டவர்களின் நிலை யாது? பூண்ட பல் பொருந்தாமற் போகும் காலத்தை அவர்கள் எவ்வாறு அறிவது? இதனையே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகின்றேன். நான் வைத்தியன் அல்லன். பதுளைப் பகுதியில் ஒரு பாடசாலையின் அதிபர். பேரப்பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு பாடசாலை வாயிலுக்கு வரும் தாத்தாமாரையும் அப்பாயிமாரையும் அம்மாயிமாரையும் நாள்தோறும் காண்பவன். அவர்களின் பேச்சிலும் முகத்திலும் கண்டதே இப்பொருளைத் தேர்ந்தெடுக்கக் காரணமாயிற்று.

மலைநாட்டு மக்கள் பல்லை இழக்கும் விதம் உலகறிந்த ஓர் ஆராய்ச்சிக்கே பொருளாகியிருக்கிறது. 1970ஆம் ஆண்டில் நோர்வே நாட்டுப் பேராசிரியர் ஹரால்ட் லோவும் அவருடைய துணைவர்களும் நமது மத்திய மலைநாட்டின் டன்சினன், ஹரோ என்னும் இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினர். பல் வைத்திய வசதியும் முறையாகப் பல் துலக்கும் வாய்ப்பும் எட்டாத அம்மக்களின் ஈறுகள் எவ்வாறு தேய்கின்றன என்பதை 15 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி, 1986இல் முடிவை வெளியிட்டனர். 100 பேரில் 8 பேருக்கு நோய் விரைந்து பரவிற்று. அத்தகையோர் 40 வயதளவில் ஏறத்தாழ 20 பற்களையும், 45 வயதளவில் எல்லாப் பற்களையும் இழந்தவராயினர். 81 பேருக்கு நோய் மெல்ல நடந்தது. 11 பேர் ஏறக்குறையத் தப்பினர். நமது ஊவாவின் பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் முதுமை எய்துமுன்னரே பல்லிழந்து நிற்போரைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண்கள் என் நினைவுக்கு வருகின்றன.

பல்லிழந்தவர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துப் பொய்ப்பல் கட்டுகிறார். பேச்சு வழக்கில் இதனைப் ‘பல் செட்’ என்கிறோம். முதலாண்டு மகிழ்ச்சியாகக் கழிகிறது. பின்னர் அது ஆடுகிறது, உறுத்துகிறது. “பொய்ப்பல் என்றால் வலிக்கத்தானே செய்யும்” என்று சிலர் பொறுத்துக்கொள்கின்றனர். வேறு சிலர் அதனைத் துணியிற் சுற்றி இறாக்கையில் வைத்துவிட்டு, தேநீரில் நனைத்த பாணையே உணவாகக் கொள்கின்றனர். பொறுமை நம் மக்களின் பெருங்குணம். மலைச்சரிவில் மழையும் அட்டைக்கடியும் பொறுத்தவர்கள் அவர்கள். ஆனால் இந்த ஓரிடத்தில் பொறுமை குணமன்று, கேடு என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

பல் ஏன் ஆடுகிறது? பொய்ப்பல் மாறுவதில்லை, வாய்தான் மாறுகிறது. பல்லைத் தாங்குவதற்கென்றே தாடையில் ஓர் எலும்பு வரம்பு அமைந்திருக்கிறது. பல் போனபின் அவ்வரம்பிற்கு வேலையில்லை. ஆகவே அது கரையத் தொடங்குகிறது. பல் பிடுங்கிய முதலாண்டில், அதிலும் முதல் ஆறு மாதங்களில், இத்தேய்வு மிகுதி. அதன்பின் வேகம் குறையுமேயன்றி நிற்பதில்லை. ஆன்ட்யே தால்கிரேன் என்னும் ஆய்வாளர் 25 ஆண்டுகளைத் தழுவிய தமது ஆய்வை 1972இல் வெளியிட்டார். கீழ்த்தாடை வரம்பு மேல்தாடை வரம்பைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்கிறது என்பது அதிற் கண்ட உண்மை. நீரில் நனைந்த இரு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோல, மேற்பல் தொகுதி உமிழ்நீரின் மெல்லிய படலத்தால் அண்ணத்தில் ஒட்டி நிற்கிறது. கீழ்த் தொகுதிக்கோ அண்ணமில்லை. குதிரை லாடம்போன்ற சிறு வரம்பும், ஓயாது அசையும் நாவுமே அதற்கு வாய்த்தவை. ‘மேற்பல் நிற்கிறது, கீழ்ப்பல் மிதக்கிறது’ என்று பலரும் முறையிடுவதன் காரணம் இதுவே. நோயினாலோ வறுமையினாலோ உடல் மெலிந்தாலும் பொருத்தம் கெடக்கூடும்.

இனி அறிகுறிகளைச் சொல்கிறேன். சிரிக்கும்போதோ இருமும்போதோ மேற்பல் நழுவி விழுதல். பேசும்போது பல்லோடு பல் மோதி ஒலித்தல். உண்ணும்போது உணவுத் துணுக்குகள் அடியிற் புகுதல். ஒரு பக்கத்தாலேயே மெல்ல நேர்தல். ஈறு சிவந்து புண்ணாதல். வாயின் இரு கோடிகளும் வெடித்தல். அண்ணம் முழுவதும் செந்நிறம் படர்தல். பல் தொகுதி நடுவே அடிக்கடி பிளத்தல். மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று நெருங்கி முகம் சுருங்குதல். ஒட்டும் பசையை வரவர மிகுதியாகப் பூச நேர்வதும் ஓர் அறிகுறியே. இவற்றுள் ஒன்று தொடர்ந்து காணப்பட்டாலும் பல் வைத்தியரிடம் செல்லும் காலம் வந்துவிட்டது எனக் கொள்க.

மொழியாசிரியன் என்ற முறையில் வேறொரு சோதனையும் கூறுவேன். ஒலிகள் பிறக்கும் முறையைச் சொல்லவந்த தொல்காப்பியர் பல்லையும் பேச்சுறுப்புகளுள் ஒன்றாக எண்ணினார். தகரமும் நகரமும் நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தப் பிறப்பன. வகரம் மேற்பல்லும் இதழும் இயையப் பிறப்பது. ஆகவே தந்தை, தாத்தா, நத்தை, வாவி, வாசல், ஊசி என்னும் சொற்களை உரக்கச் சொல்லிப் பாருங்கள். புதிதாகப் பல் கட்டியவருக்குச் சில நாட்கள் நா தடுமாறுவது இயல்பு. முன்பு தெளிவாக ஒலித்தவருக்கு இப்போது சீழ்க்கையோ, மோதலோசையோ, குழறலோ தோன்றினால் பல் இடம் பெயர்கிறது என்றே பொருள். பேரப்பிள்ளைகள் கதை கேட்பதும் பிழையற்ற தமிழ் கேட்பதும் பெரியோர் வாயிலிருந்தன்றோ?

பல்லைத் திருத்தக் கொடுப்பதில் வெட்கம் வேண்டாம். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது அவருக்கு எஞ்சியிருந்த இயற்கைப் பல் ஒன்றே. அவருடைய பொய்ப்பற்கள் உதட்டை முன்தள்ளி வருத்தின. 1797இல் அவர் தம் பல் வைத்தியர் ஜோன் கிரீன்வூட்டுக்கு அக்குறையை எழுதித் திருத்தம் வேண்டினார். நாடாண்டவர் செய்ததை நாமும் செய்யலாம்.

வைத்தியர் என்ன செய்வார்? ஓரிடம் மட்டும் அழுத்தினால் அவ்விடத்தைத் தேய்த்துக் கொடுப்பார். தளர்ந்திருந்தால் உட்புறத்தில் புதியதொரு படை இட்டு ஈற்றின் இன்றைய வடிவத்திற்கு இணங்கச் செய்வார். பற்களே தேய்ந்திருந்தால் புதிய தொகுதி வேண்டும். 5 முதல் 10 ஆண்டுகளில் பெரும்பாலோருக்கு இது நேரும். ஆடாத காலத்திலும் ஆண்டுக்கொருமுறை காட்டுவது நன்று. புண் இருக்கிறது என்று பல்லைச் சில நாள் கழற்றி வைத்திருந்தவர்கள், வைத்தியரிடம் போகுமுன் ஒரு நாள் அதனை அணிந்து செல்வது உதவும். அழுத்தும் இடம் அப்போது தெளிவாகத் தெரியும்.

வீட்டில் செய்யத் தகாதனவும் உள. கத்தியாலும் அரத்தாலும் பல்லைச் சுரண்டற்க. உடைந்ததைக் கடையில் விற்கும் பசையால் ஒட்டற்க. அடியிற் பஞ்சோ மெழுகோ வைத்து அணியற்க. ஒரு நூலளவு தவறினாலும் பொருத்தம் மீளாது. கொதிநீரில் இட்டால் பல் தொகுதி வளைந்துவிடும். கரியும் செங்கற்பொடியும் அதன் மேற்பரப்பைக் கீறிவிடும். மென்மையான தூரிகையும் சவர்க்காரமும் குளிர்ந்த நீருமே போதும். இரவில் கழற்றி நீரில் இட்டு ஈற்றுக்கு ஓய்வு கொடுங்கள். இரண்டொரு பல் மட்டுமே கொண்ட சிறு தொகுதி தளர்ந்துவிட்டால் உறக்கத்தில் விழுங்கிவிடும் அபாயமும் உண்டு.

நேயர்களே, இவை யாவற்றினும் தலையாயது இனிச் சொல்லப்போவது. தோட்டங்களில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றை மெல்லுவோர் பலர். குளிருக்கும் களைப்புக்கும் அது துணை என்பர். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், புகையிலை சேராத தனிப் பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என 2004இல் வெளியிட்டது. இலங்கை ஆண்களிடையே முதன்மையாகக் காணப்படும் புற்றுநோயும் வாய்ப் புற்றுநோயே. வெற்றிலை மென்ற வாயில் எழும் புண்ணைப் ‘பல் உறுத்திய புண்’ என்று எண்ணிப் பொறுத்திருப்பதில் உள்ள ஆபத்து இதுதான். பல்லால் வந்த புண், பல்லைக் கழற்றி வைத்தால் சில நாட்களில் ஆறத் தொடங்கும். கழற்றி வைத்தும் 2 வாரங்களில் ஆறாத புண், வெள்ளை அல்லது செந்நிறத் தழும்பு, விரலால் தொட்டால் கடினமாகத் தோன்றும் வீக்கம் ஆகியவற்றை ஒரு நாளும் தாமதியாது காட்ட வேண்டும். வாய் வரவரத் திறக்க முடியாமற்போய்ப் பல்லை உள்ளே இடுவதே கடினமானால், அதுவும் பாக்கினால் வரும் நோயின் அடையாளமாக இருக்கலாம். வலியில்லை என்பது ஆறுதலாகாது. இந்நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை. ஆரம்பத்தில் கண்டுகொண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி.

பதுளைப் பெரிய வைத்தியசாலையில் பல் வைத்தியப் பிரிவு உண்டு. மேலும் ஆராய வேண்டுமாயின் பேராதனைப் பல் வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் புண்ணைக் காட்டக் கட்டணமில்லை. தடையாக இருப்பது மலைப்பாதையும், ஒரு நாட் சம்பளம் போகுமே என்ற எண்ணமுமே. முதியோர் அதனைப் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். செலவு வைக்கக் கூடாதென்று பொறுத்துக்கொள்வார்கள். ஆகையால் இளையோருக்கே என் வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர் ரொட்டியை ஒதுக்கிக் கஞ்சியையே நாடுகிறாரா, சிரிக்கும்போது வாயைக் கையால் மறைக்கிறாரா, முன்போலப் பேசாமல் இருக்கிறாரா என்று கவனியுங்கள். அவரைக் கேளுங்கள். ஒரு நாளை ஒதுக்கி அழைத்துச் செல்லுங்கள். பல் மீண்டும் பொருந்தினால் உணவும் உரையும் திரும்பும். பொருந்தாமை வேறொன்றின் அடையாளமாயிருந்தால் உயிரே திரும்பும்.