வாக்குறுதிகளால் வெப்பம் தணியுமா?

(கமக்காரரும் கற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலநிலை மாற்றம் என்றதும் அது விஞ்ஞானிகளின் விவகாரம் என்று ஒதுங்கிக்கொள்வோர் நம்மிடையே பலர். அது கிணற்றின் விவகாரம், வயலின் விவகாரம், ஆகவே அரசியலின் விவகாரம் என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறையினூடே இறங்கித் தேங்குவதே நமது கிணற்று நீர். அந்த நன்னீர் உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. கடல்மட்டம் உயர்ந்தால் உவர் மேலேறும். மழை பருவம் தவறினால் நன்னீர் மெலியும். இவ்விரு அபாயங்களுக்கும் நடுவிலேதான் நமது வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வளர்கின்றன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. மலைநாட்டில் மண்சரிவுகள் வீடுகளைப் புதைத்தன. ஒரு புயலை மட்டும் சுட்டிக்காட்டிக் காலநிலை மாற்றமே அதனைப் படைத்தது எனக் கூறுவது நேர்மையன்று. ஆயினும், ஒரு பாகை வெப்பம் கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியை ஏந்தும் என்பது விஞ்ஞானம். அவ்வாறு ஏந்திய நீர் மழையாக நமது தலையிலேதான் கொட்டுகிறது.

இவ்வாபத்து நேற்று அறியப்பட்டதன்று. 1958 மார்ச் மாதத்தில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கீலிங் என்னும் விஞ்ஞானி காற்றிலுள்ள கரியமிலவாயுவை அளக்கத் தொடங்கினார். அன்று பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 315 பங்காக இருந்தது, 2024 இல் 420 பங்கையும் கடந்துவிட்டது. அவர் அளக்கத் தொடங்கிய அடுத்த மாதத்திலேதான், 1957 ஜூலையில் கைச்சாத்தான பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் இந்நாட்டில் கிழித்தெறியப்பட்டது. வலியவர் இடும் கையொப்பத்தின் பெறுமதியை அன்று நாம் கற்றோம். அதே பாடத்தைச் சிறிய நாடுகள் யாவும் இன்று கற்கின்றன.

1997 இல் கியோட்டோ உடன்படிக்கை பிறந்தது. அமெரிக்கா கையொப்பமிட்டும் அதனை அங்கீகரிக்கவில்லை. கனடா 2011 இல் விலகிக்கொண்டது. 2015 இல் பாரிஸ் உடன்படிக்கை வந்தது. அமெரிக்கா 2020 இல் அதனின்றும் வெளியேறி, 2021 இல் திரும்பி வந்து, 2025 ஜனவரியில் மீண்டும் விலகுவதாக அறிவித்தது. 2020 ஆம் ஆண்டளவில் வறிய நாடுகளுக்கு ஆண்டுதோறும் 10,000 கோடி டொலர் திரட்டித் தருவோம் என 2009 இல் கொப்பன்ஹேகனில் செல்வந்த நாடுகள் சொல்லின. அத்தொகை எட்டப்பட்டதோ 2022 இலேதான். அதிலும் பெரும்பகுதி கடன். வீட்டை எரித்தவனே வட்டிக்குப் பணம் கொடுப்பது போன்றதன்றோ இது!

இப்படிப்பட்ட சபைகளில் மக்கள் நம்பிக்கை இழந்ததில் வியப்பென்ன? 2019 இல் உலகெங்கும் பல இலட்சம் மாணவர்கள் பள்ளியை விட்டு வீதிக்கு வந்தனர். ஆனால் பசுபிக் தீவுகளின் சட்ட மாணவர் சிலர் அதே ஆண்டில் வேறொரு வழியையும் கண்டனர். உலக நீதிமன்றத்தின் கருத்தைக் கேளுங்கள் என்று தம் அரசுகளை நெருக்கினர். வனுவாட்டு என்னும் சிறு தீவுநாடு அக்கோரிக்கையைக் கையேற்றது. 2023 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் சபை அதனை ஏகமனதாக ஏற்றது. 2025 ஜூலை 23 இல் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் ஒருமித்த குரலில் தன் கருத்தை வழங்கிற்று: காலநிலையைப் பாதுகாப்பது அரசுகளின் சட்டக் கடமை, அதில் தவறுவது சர்வதேசச் சட்டத்தை மீறும் செயல், அதனால் நேர்ந்த சேதத்துக்கு நட்டஈடும் கோரப்படலாம்.

அது ஆலோசனைக் கருத்துத்தானே, கட்டுப்படுத்தாதே எனச் சட்டத்தரணிகள் கேட்கலாம். உண்மை. எனினும் நேற்றுவரை பிச்சையாகக் கேட்டதை இனி உரிமையாகக் கேட்கலாம். மாணவர்கள் தொடங்கிய முயற்சியே அந்நிலையை உண்டாக்கிற்று.

ஆகவே நாம் கோருவன மூன்று. உலகத்திடம்: சேதத்துக்கு ஈடு கடனாகவன்றி நட்டஈடாக வரவேண்டும். கொழும்பிடம்: அவ்வாறு வரும் பணம் எங்கே எப்படிச் செலவாக வேண்டும் என்பதில் வடக்கு, கிழக்கு, மலையக மக்களின் சொல்லும் ஏறவேண்டும். 1950-களில் பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம் இன்றும் முழுமை பெறாதிருப்பதற்கு விடை வேண்டும். நம்மிடம்: மழைநீரை மறித்து நிலத்துள் இறக்கும் குளங்களைத் தூர்க்கவிட்டு, இயந்திரத்தால் கிணற்றை ஒட்ட இறைக்கும் வழக்கத்தை நாமே நிறுத்தவேண்டும். நம் கிணற்றை நாம் காவாதிருந்து பிறரை நியாயம் கேட்கும் தகுதி நமக்கு இராது.

சட்டத்தரணி மனுவை எழுதட்டும். பொறியியலாளர் கணக்கைக் காட்டட்டும். கமக்காரர் தம் கிணற்று நீரின் நிலையை ஆண்டுதோறும் குறித்து வைத்துச் சாட்சி சொல்லட்டும். மூவரும் ஒன்றுபட்டு எழுந்தால் நம் குரலைத் தட்டிக்கழிப்பது எளிதன்று. அப்பணியை இந்த மாரி முடியுமுன் தொடங்குவோமாக!